கொழுப்பு தடவிய தோட்டா: ஒரு கிடங்குக்காரனின் பார்வையில்

1857 என்றதும் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து நம்மில் பலருக்கும் நினைவில் நிற்பது ஒரே ஒரு வரிதான். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள். வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு ஜான்சி ராணிக்குத் தாவிவிடுவார். தோட்டாவில் கொழுப்பை எதற்காகத் தடவினார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது பணி ஓய்வுக்குப் பிறகு. வேலைக்காலம் முழுவதையும் சரக்குக் கிடங்குகளில் கழித்தவன் நான். ரப்பர் வாஷர் எத்தனை மாதம் தாங்கும், கிரீஸ் டப்பா எந்த வெயிலில் ஒழுகும், எதை எதன் பக்கத்தில் அடுக்கக் கூடாது என்பதே என் பிழைப்பு. அந்தப் புத்தியோடு 1857 பற்றிய நூல்களைப் படிக்க உட்கார்ந்தால், மதம், நில வரி, அவத் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று வரலாற்றாசிரியர்கள் அடுக்கும் காரணங்களுக்கெல்லாம் அடியில் ஒரு ஸ்டோர்ஸ் விவகாரம் கண்ணில் படுகிறது. ஈயக் குண்டை வைத்துக் காகிதத்தில் சுருட்டிய தோட்டாவை வெயில் நாட்டில் எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்ற விவகாரம். பெரிய காரணங்களை நான் மறுக்கவில்லை. இந்தச் சின்னக் காரணத்தைப் பற்றி யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இன்று நாம் சினிமாவில் பார்க்கும் பித்தளைத் தோட்டா அப்போது ராணுவத்தில் கிடையாது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையில் ஈயக் குண்டு, மிச்சத்தில் அளந்து போட்ட கருமருந்து, மேல் முனையை முறுக்கிவிட்டால் தோட்டா. கொஞ்சம் பெரிய பீடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதசாலைகளில் வரிசையாக உட்கார்ந்து கையால் சுருட்டுவார்கள். சிப்பாய் அதன் முறுக்கிய முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டை உள்ளே விட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பான். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தோட்டா இருக்கும்போது கிழிப்பதற்குப் பல்லைத் தவிர வேறு வழியில்லை.

கம்பெனிச் சிப்பாய்கள் பல தலைமுறைகளாக இந்தக் காகிதத்தைக் கடித்தவர்கள்தான். பழைய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு அதில் லொடலொடவென்று இறங்கும். அதற்குக் கொழுப்பு எதுவும் தேவைப்படவில்லை. நூறு கஜம் தாண்டினால் குறி எங்கே போகும் என்று சுடுபவனுக்கே தெரியாது, அது வேறு கதை.

1853-இல் வந்த என்ஃபீல்டு ரைஃபிள் இந்தக் கணக்கை மாற்றியது. அதன் குழலுக்குள் திருகலாக மூன்று பள்ளங்கள். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, அதாவது கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியையும் குண்டைச் சுற்றிய காகிதம் அடைத்துக்கொள்ளும். மருந்து வெடிக்கும்போது மெல்லிய ஈயக் குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும், குண்டு சுழன்றுகொண்டே பறக்கும். அதன் குறிகாட்டியில் 900 கஜம் வரை அளவு குறித்திருந்தார்கள். பழைய துப்பாக்கிக்காரன் கனவிலும் நினைக்காத தூரம்.

இவ்வளவு நெருக்கமான இடைவெளியில் காகிதம் சுற்றிய குண்டு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டுமே. நாலைந்து தடவை சுட்டதும் கருமருந்தின் கரி குழலில் கெட்டியாகப் படிந்துவிடும். அதையும் இளக்க வேண்டும். அதற்காகத்தான் குண்டு இருக்கும் முனையைக் காகிதத்தோடு சேர்த்து உருக்கிய கொழுப்பில் முக்கி எடுத்தார்கள். விலங்குக் கொழுப்பும் கொஞ்சம் தேன்மெழுகும் கலந்த கலவை. கவனித்தீர்களா, கொழுப்பு இருந்தது குண்டு முனையில், பல்லால் கடிப்பது எதிர் முனையை. காகித அளவில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு இடம். ஆனால் மே மாதத்துக் கிடங்கில், கட்டுக்குப் பத்தாக அடுக்கி வைத்த தோட்டாக்களில், கொழுப்பு தன் இடத்திலேயே நிற்குமா?

நிற்காது என்ற சந்தேகம் ஆங்கிலேயர்களுக்கே இருந்தது. அதனால்தான் 1853-இல் ஒரு காரியம் செய்தார்கள். என்ஃபீல்டு தோட்டாக்களில் பலவிதக் கொழுப்புக் கலவைகளைத் தடவி, மாதிரிக்காக இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சுடுவதற்காக அல்ல, இந்தியத் தட்பவெப்பத்தில் கொழுப்பு எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக. கல்கத்தாவின் வில்லியம் கோட்டை, கான்பூர், ரங்கூன் என்று மூன்று இடங்களில் சோதனை. ஈரம், வறட்சி, வெயில், மழை எல்லாம் இதில் அடங்கிவிடும். கிடங்கில் வைத்ததோடு நிற்காமல், காவல் பணியில் இருந்த சிப்பாய்களின் பைகளிலும் போட்டு மாதக்கணக்கில் சுமக்க வைத்தார்கள். 1855-இல் அவற்றைத் திரும்ப இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

என் தொழில் புத்திக்கு இது மிக ஒழுங்கான சோதனை. இன்றைக்கும் ஒரு புதுச் சரக்கை இதைவிட நன்றாகச் சோதிக்க முடியாது. ஆனால் சோதனை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: சரக்கு தாங்குமா? சரக்கில் என்ன இருக்கிறது, அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பது அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி.

அதைக் கேட்ட ஒரே ஒரு ஆள் இருந்தார். வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல், கர்னல் ஹென்றி டக்கர். 1853 டிசம்பரிலேயே அவர் எழுதி அனுப்பினார்: இந்தக் கொழுப்பு இந்தியச் சிப்பாய்களின் சாதி, மத உணர்வைப் புண்படுத்தாத வகையைச் சேர்ந்தது என்று நிச்சயமாகத் தெரியாத வரை, இந்தத் தோட்டாவை ஐரோப்பியப் படைகளுக்கு மட்டும் கொடுங்கள் என்று. கடிதம் ராணுவ வாரியத்துக்குப் போனது. அதற்கு மேல் அது நகரவில்லை. கோப்பு ஒன்றுக்குள் போய் உறங்கிவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதில் வியப்பு இருக்காது.

டக்கர் இப்படி எழுதியதற்கு நம் பக்கத்திலேயே முன்கதை இருந்தது. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் பூ எந்த மிருகத்தின் தோல் என்ற சந்தேகம் அங்கே எரிந்த நெருப்பில் ஒரு சுள்ளி. தோலுக்கு வந்த சந்தேகம் கொழுப்புக்கு வராதா? 47 வருஷம் கழித்து ஒருவருக்காவது அது தோன்றியிருக்கிறது.

வங்காளத்தில் டம்டம் ஆயுதசாலையில் இந்தத் தோட்டாக்களைச் செய்யத் தொடங்கியபோது கொழுப்பு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தது. ஆட்டுக் கொழுப்புதான் என்று உறுதிசெய்ய யாரும் தனியாகச் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. டெண்டரில் 'கொழுப்பு' என்று மட்டும் போட்டால் மலிவாக எது கிடைக்கிறதோ அதுதான் டின்னில் வரும். இதைச் சொல்ல விசாரணைக் குழு தேவையே இல்லை, எந்த ஸ்டோர்கீப்பரும் சொல்வார்.

1857 ஜனவரியில் டம்டம்மில் கீழ்ச்சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டதும், அவர் மறுத்ததும், 'சீக்கிரமே பசு, பன்றிக் கொழுப்பைக் கடிக்கப் போகிறாய், அப்புறம் உன் சாதி எங்கே' என்ற பொருளில் பதில் வந்ததும் பலரும் படித்த கதைதான். அதிகாரிகள் வேகமாகத்தான் செயல்பட்டார்கள். ஜனவரி 27-ஆம் தேதியே உத்தரவு: பயிற்சி முகாம்களில் தோட்டாக்களைக் கொழுப்பு தடவாமலே கொடுங்கள், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த எண்ணெயோ மெழுகோ தாங்களே வாங்கித் தடவிக்கொள்ளட்டும்.

இந்த உத்தரவைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கிடங்குக் கணக்கில் பார்த்தாலும் இதுதானே சரியான வழி! உலர்ந்த தோட்டாவை உலர்ந்தபடியே வை, வழுக்கும் பொருளைத் தனி டப்பாவில் வை, சுடப் போகும்போது தடவிக்கொள். கொழுப்பு உருகாது, காகிதம் ஊறாது, மருந்து நனையாது, ஈயம் கெடாது. மதத்துக்கும் பழுதில்லை. 1853-இல் யாராவது இப்படி முடிவு செய்திருந்தால், மாதிரித் தோட்டாக்களைக் கப்பலில் அனுப்பியிருக்கவே வேண்டாம். போர்க்களத்தில் நின்று மெழுகு தடவிக்கொண்டிருக்க முடியாது என்பது ராணுவத்தின் வாதம். அதுவும் நியாயமே. ஆனால் 1857-இல் வந்தபோது இந்த உத்தரவே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது. மாற்றுகிறார்கள் என்றால் முன்பு ஏதோ இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. புதுக் காகிதம் பளபளப்பாக இருந்தது. பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் அதை எரித்துக் காட்டினார்கள், சடசடவென்று எரிகிறது, கொழுப்பு வாடை வருகிறது என்றார்கள். ரசாயனப் பரிசோதகர் பார்த்து, காகிதத்தில் கொழுப்புச் சேர்க்கவில்லை என்று சான்று கொடுத்தார். சான்றை யார் நம்புவார்கள்? அந்த மாதக் கடைசியில் பெர்ஹாம்பூரில் 19-ஆம் படைப்பிரிவு மறுத்தது பழைய வகைத் தோட்டாவை. மார்ச் 29 பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24 மீரட்டில் 3-ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தொட மறுத்ததும் பழைய வகையைத்தான். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையை மாற்றியும் பலனில்லை. மே 9 அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 மீரட் எரிந்தது. மறுநாள் டெல்லி ஆயுதக் கிடங்கை அதன் ஆங்கிலேயக் காவலர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தோட்டாவை இத்தோடு விட்டுவிட்டுப் போருக்குப் போய்விடுகின்றன. எனக்கு இதற்குப் பிறகுதான் சுவாரசியமே. ஏனென்றால், 1853 சோதனை கேட்ட அந்த ஒரே கேள்விக்கும் கூட விடை 'இல்லை' என்றுதான் வந்து முடிந்தது.

விலங்குக் கொழுப்பு நாற்பது டிகிரிக்குச் சற்று மேலே போனாலே இளகி ஓடத் தொடங்கும். தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்ட கிடங்குக்குள் கோடையில் அந்தச் சூடு தினசரி விஷயம். உருகிய கொழுப்பைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். குண்டின் மேல் வழுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இது முதல் கேடு.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கொழுப்பு நாள்பட்டால் காறிப்போகும். வீட்டில் பழைய எண்ணெய்ச் சட்டியை முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காறலில் இருப்பது அமிலம். காரீயத்துக்கும் இந்த அமிலத்துக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறி, குண்டின் மேல் வெண்மையாகப் படியும். நாட்டு மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்று விற்பது ஈயத்தின் ஒரு வகைதான். அதை எண்ணெயோடு காய்ச்சிக் களிம்பு செய்யும்போது நடப்பதும் இதே வேலைதான், சீக்கிரமாக நடக்கிறது. கிடங்கில் மெதுவாக நடக்கும். படிவு ஏற ஏறக் குண்டு பருக்கும். இடைவெளியோ கால் மில்லிமீட்டர் கூட இல்லை. பருத்த குண்டு, வழுக்காத காகிதம், கரி படிந்த குழல். கம்பியால் இடித்தாலும் இறங்காது. 1857 சண்டையில் என்ஃபீல்டு தூக்கிய ஆங்கிலேயச் சிப்பாய்களே வெயிலில் நின்று குண்டை உள்ளே தள்ள முடியாமல் திணறினார்கள்.

இந்த இடத்தில் ஒரு சமையலறை விஷயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு காரீயம் அல்ல, வெள்ளீயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புளிக் கரைசலைக் காரீயப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் ஈயம் ரசத்தில் இறங்கிவிடும், அது விஷம். ஊறுகாயை உலோகத்தில் வைக்காமல் ஜாடியில் வைத்த நம் பாட்டிமார்களுக்கு அமிலம் என்ற சொல் தெரியாது, சங்கதி தெரிந்திருந்தது.

ஊல்விச் ஆயுதசாலையில் தோட்டா ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர் எட்வர்டு பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரி. அவர் காலத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, கொழுப்புக்குப் பதில் தேன்மெழுகு. மெழுகு அறுபது டிகிரிக்கு மேல்தான் உருகும், எளிதில் காறாது, ஈயத்தைத் தின்னாது. இரண்டு, 1859-இல் குண்டின் விட்டத்தை 0.568-இலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். இடைவெளி ஆயிரத்தில் 9 பங்கிலிருந்து 27 பங்கானது, சரியாக மூன்று மடங்கு. குண்டு விரலால் தள்ளினாலே இறங்கத் தொடங்கியது.

டம்டம் சிப்பாய்கள் வேண்டாம் என்று சொன்ன அதே கொழுப்பைத்தான் கிடங்கும் கடைசியில் வேண்டாம் என்று தள்ளியது. மதத்துக்காக ஏற்கத் தயங்கிய மாற்றம், சரக்கு கெடுகிறது என்றதும் ஆணையாகவே வந்துவிட்டது. இடையில் எத்தனை உயிர்கள், எத்தனை ஊர்கள்.

காகிதத் தோட்டாவின் ஆயுளும் அதிகம் நீடிக்கவில்லை. 1866-இல் என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, பின்னாலிருந்தே கெட்டிக்கும் ஸ்னைடர் துப்பாக்கியாக மாற்றினார்கள். அதற்கு பாக்ஸர் அமைத்த தோட்டா மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டியது. மருந்து, மெழுகு, குண்டின் அடிப்பாகம் எல்லாம் பித்தளைக்குள். ஈரமும் காற்றும் எளிதில் புகாது. கடிப்பதற்கும் ஒன்றுமில்லை.

ஆனால் ஈயத்தின் பகை அத்தோடு தீரவில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஈய வெள்ளைச் சாயம் செய்த முறையைக் கேளுங்கள். மண்சட்டியில் வினிகர், அதன் மேலே ஈயத் தகடு, சுற்றிலும் குதிரைச் சாணம். மாதக்கணக்கில் மூடி வைத்தால், சாணத்தின் சூட்டில் வினிகர் ஆவியாகி, தகடு வெண்பொடியாகப் பூத்துவிடும். பெயிண்ட் கடைகளில் சபேதா என்று விற்றது அந்தப் பொடிதான். இப்போது அருங்காட்சியகங்களில் நடப்பதும் இதேதான். ஓக் போன்ற மரங்களிலிருந்து வினிகரின் ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். நூறு வருஷம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தும் கெடாத ஈயக் குண்டு, அழகான ஓக் மர அலமாரியில் மூடி வைத்த சில வருஷங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. மண்ணில் படிந்த பழைய வெண்பூச்சு ஈயத்தைக் காக்கிறது, அலமாரியில் பூத்தது அரித்துத் தின்கிறது. தொட்டால் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

அதனால் பாதுகாவலர்கள் இப்போது பழைய ஈயக் குண்டுகளை மர இழுப்பறைகளிலிருந்து எடுத்து, எஃகு அலமாரிகளுக்கோ, அமிலம் சேராத அட்டைப் பெட்டிகளுக்கோ மாற்றுகிறார்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் கூடவே வைக்கிறார்கள். புது மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே கிடக்குமே, அதேதான்.